பழைய பாட்டு மட்டும் போதும் என்று யார் சொன்னது?

மூத்த பாடகர்களின் கச்சேரிகளை ஏற்பாடு செய்கிறவர்களுக்கும், யாருடைய ஆல்பம் வரலாம், யாருடையது வேண்டாம் என்று இசை நிறுவனங்களில் முடிவெடுப்பவர்களுக்கும்,

வணக்கம்.

தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே பாடும் கலைஞர் ஒருவர் அறுபதைத் தாண்டிவிட்டால் உங்கள் சுவரொட்டிகளின் பேச்சே மாறிவிடுகிறது. 'பொற்காலப் பாடல்கள்', 'மறக்க முடியாத மாலை', 'ஐம்பதாண்டு இசைப் பயணம்'. போன மாதம் அவர் ஒரு பாட்டு எழுதியிருக்கக்கூடும் என்கிற நினைப்பு அதில் எங்கும் தென்படாது. அதையும் மீறி மேடையில் அவர் "இது புதுசு" என்று ஆரம்பித்தால், அரங்கில் பாதிப் பேர் கைப்பேசியை எடுக்கிறார்கள், மிச்சப் பேரில் சிலர் எழுந்து வெளியே போகிறார்கள். அடுத்த ஊரில் அந்தப் பாட்டு காணாமல் போய்விடும்.

உடனே ரசிகர்களான எங்களைக் கை காட்டுவீர்கள். "மக்கள் கேட்பது பழையதைத்தானே, நாங்கள் என்ன செய்ய?" அதில் நியாயம் இல்லாமல் இல்லை. நானும் டிக்கெட் வாங்கி உட்காருகிறவன்தான். இருபது வயதில் மனப்பாடமான பாட்டை அவர் வாயாலேயே ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு, அதை விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை. நான் கேட்பது வேறு. எழுதியதைப் பாட ஓர் இடம் இருந்தால்தான் எழுதுகிறவர் அடுத்ததை எழுதுவார். அந்த இடம் உங்கள் கையில் இருக்கிறது. அதைக் கொடுங்கள்.

கனடாவின் கவிஞரும் பாடகருமான லெனார்ட் கோஹன் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் உங்கள் தொழிலின் பக்கத்திலிருந்து அதை இன்னொரு முறை பாருங்கள். 1984இல் அவர் கொண்டுபோய்க் கொடுத்த 'வேரியஸ் பொசிஷன்ஸ்' ஆல்பத்தை அமெரிக்காவில் வெளியிட அவருடைய நிறுவனமான கொலம்பியா மறுத்துவிட்டது. அப்போது அவருக்கு ஐம்பது வயது. இவருடைய காலம் முடிந்தது என்று கணக்குப் போட்டிருப்பார்கள். 'ஹாலேலூயா' பாட்டு இருந்தது அந்த ஆல்பத்தில்தான். பிறகு எத்தனை பாடகர்கள் அதைத் திரும்பப் பாடினார்கள் என்று எண்ணிப் பார்ப்பதே கஷ்டம். தப்புக் கணக்குப் போடுவது மனித இயல்பு, அதற்காக யாரையும் திட்ட வேண்டியதில்லை. ஆனால் அதே கணக்கை இன்னும் எத்தனை பேருக்குப் போடுவீர்கள்?

சரி, அதற்குப் பிறகு நடந்தது இன்னும் சுவாரசியம். 1990களில் பல ஆண்டுகளை கலிஃபோர்னியா மலையில் உள்ள மவுண்ட் பால்டி ஜென் பௌத்த மடாலயத்தில் கழித்துவிட்டு இறங்கி வந்த மனிதர், தன் சேமிப்பின் பெரும்பகுதி மேலாளரால் கரைந்துபோயிருப்பதைக் கண்டுபிடித்தார். 2006இல் நீதிமன்றம் 90 லட்சம் டாலருக்குத் தீர்ப்பளித்தும் பணம் கைக்கு வந்தபாடில்லை. 2008 மே மாதம், 73 வயதில், கனடாவின் ஃப்ரெடரிக்டன் என்ற சிறிய நகரத்தில் ஒரு சிறிய அரங்கில் மறுபடி மேடை ஏறினார். பிழைப்புக்காகத்தான் ஏறினார், அதில் ஒளிவுமறைவு இல்லை. அதற்கு முன் மாதக்கணக்கில் ஒத்திகை. 2010 முடிவதற்குள் இருநூறுக்கும் மேற்பட்ட கச்சேரிகள், பெரும்பாலும் மூன்று மணி நேரம் நீளும் கச்சேரிகள்.

கவனிக்க வேண்டியது இதுதான்: அந்தப் பயணத்தின் நடுவிலேயே இன்னும் வெளிவராத பாட்டுகள் சிலவற்றை அவர் மேடையில் பாடிப் பார்த்தார். அவற்றில் சில பிறகு 2012இல் வந்த 'ஓல்ட் ஐடியாஸ்' ஆல்பத்தில் இடம்பிடித்தன. அந்த ஆல்பம் அமெரிக்க ஆல்ப விற்பனைப் பட்டியலில் மூன்றாம் இடம் போனது. அதுவரை அவருடைய எந்த ஆல்பமும் அங்கே அந்த உயரத்தைத் தொட்டதில்லை. பழைய பாட்டுக்காக வந்த கூட்டமே புதிய பாட்டுக்கும் காது கொடுத்தது. உங்கள் வரவு செலவுக் கணக்குக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

80வது பிறந்தநாளை ஒட்டி இன்னொரு ஆல்பம். 2016 அக்டோபர் 21 அன்று 'யூ வான்ட் இட் டார்க்கர்'. முதுகெலும்பு தந்த வலியில் ஸ்டுடியோவுக்குப் போக முடியாத நிலை. வீட்டிலேயே மருத்துவ நாற்காலியில் உட்கார்ந்து பாடினார், மகன் ஆடம் தயாரித்தார். ஆல்பம் வெளிவந்த 17 நாளில் போய்விட்டார். 73 வயதில் 'பொன்விழாப் பாடல்கள்' என்று ஒரு தொகுப்பு போட்டு வழியனுப்பி வைத்திருந்தால் இந்த மூன்று ஆல்பங்கள் வந்திருக்குமா என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

வயதானவர் புதிதாக எழுதினாலே அதை மரண சாசனம் என்று படிக்கும் ஒரு பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. அதை உங்கள் விளம்பரங்கள் ஊதிப் பெரிதாக்குகின்றன. அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் 'டைம் அவுட் ஆஃப் மைண்ட்' ஆல்பம் 1997 செப்டம்பரில் வந்தபோது, இதயத்தைச் சுற்றியுள்ள உறையில் வந்த நோயோடு போராடி எழுந்த மனிதரின் வாக்குமூலம் என்று பலரும் உருகினார்கள். ஆனால் பாட்டுகள் அந்த ஆண்டு தொடக்கத்திலேயே பதிவாகிவிட்டன. அவர் மருத்துவமனையில் கிடந்தது மே மாதம்!

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அந்த ஆல்பத்துக்கு முன்னால் இருந்த ஏழு வருட இடைவெளி. 1980களின் பிற்பகுதியில் தான் வற்றிப்போய்விட்டதாகவே உணர்ந்ததை டிலனே தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். 1990க்குப் பிறகு ஏழு ஆண்டுகள் சொந்தப் பாட்டுகள் கொண்ட புதிய ஆல்பம் ஒன்றுகூட இல்லை. அந்த இடைவெளியில் என்ன செய்தார்? கிதாரை எடுத்துக்கொண்டு, பழைய நாட்டுப்புறப் பாட்டுகளையும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் பாட்டுகளையும் தனியாளாகப் பாடி, 1992லும் 1993லும் இரண்டு ஆல்பங்கள் போட்டார். பெரிதாக விற்கும் சரக்கில்லை. ஆனால் யாரோ எழுதிவைத்துவிட்டுப் போன பாட்டுகளுக்குள் போய்ப் படுத்து எழுந்ததில்தான் அவருக்கு மறுபடி எழுத வந்தது என்பது என் கணிப்பு. 1997 ஆல்பத்தின் சொற்களில் அந்தப் பழம்பாட்டுகளின் வாசனை அடிக்கிறது. அப்புறம் கிராமி இசை விருது, 2006இல் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம், 2016இல் நோபல், 79 வயதில் 'ரஃப் அண்ட் ரௌடி வேஸ்'. 80 வயதில் அந்த ஆல்பத்தோடு புறப்பட்ட சுற்றுப்பயணத்தில், பாடியதில் ஏறக்குறைய பாதி புதிய ஆல்பத்துப் பாட்டுகள். சுவரொட்டியிலும் ஆல்பத்தின் பெயரே இருந்தது. வந்தவர்களுக்கு எதற்கு வந்திருக்கிறோம் என்று முன்கூட்டியே தெரியும். முணுமுணுத்தவர்கள் உண்டு. அரங்குகளும் நிறைந்தன.

அந்த இரண்டு நாட்டுப்புற ஆல்பங்களை இன்று உங்களிடம் ஒருவர் கொண்டுவந்தால் ஏற்பீர்களா? கொஞ்சம் மனசாட்சியோடு பதில் சொல்லிப் பாருங்கள்.

குரல் போய்விட்டது என்பீர்கள். குரல் போவதில்லை, மாறுகிறது. உச்சஸ்தாயி சுருங்கும், மூச்சு குறையும், அடியில் ஒரு கனம் வந்து சேரும். கனடாவின் பாடகி ஜோனி மிட்செல் இருபதுகளின் தொடக்கத்தில் எழுதிய 'போத் சைட்ஸ் நௌ' பாட்டை 1969இல் கண்ணாடி மாதிரித் தெளிந்த குரலில் பதிவு செய்தார். 2000இல், 56 வயதில், இறங்கித் தழும்பேறிய குரலில் இசைக்குழுவோடு அதையே மறுபடி பாடினார். வாழ்க்கையை இரு பக்கமும் பார்த்துவிட்டேன் என்கிற பாட்டு அது. இரண்டாவது பதிவைக் கேட்டால்தான் அந்தப் பேச்சை நம்பத் தோன்றுகிறது. 2015இல் மூளை ரத்தநாளம் பாதித்து, நடையிலிருந்து பேச்சு வரை எல்லாவற்றையும் மறுபடி கற்றுக்கொண்டு, 2022 ஜூலையில் அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா மேடையில் அவர் உட்கார்ந்து பாடியதும் இந்தக் கீழ்க்குரலில்தான்.

ஆனால் குரலுக்கேற்பப் பாட்டை இறக்குவது சும்மா வந்துவிடாது, இதற்குப் பணம் ஒதுக்க வேண்டியவர்கள் நீங்கள். இரண்டு மூன்று அரைச் சுரம் கீழே போனால் கிதாரில் திறந்த கம்பிகளின் நாதம் மாறிவிடும், விரல் பிடிகள் மாறும். பாடகரின் குரல் கீழே வந்து உட்காரும் இடத்தில் ஏற்கனவே பேஸ் கிதாரும் பியானோவின் இடது கையும் குடியிருக்கும். அவற்றைக் கொஞ்சம் ஒதுக்கிவைக்காவிட்டால் சொற்கள் மூழ்கிப்போகும். மூழ்கிய சொற்களைக் கேட்டுவிட்டுத்தான் "கிழவருக்குக் குரலே இல்லை" என்று ரசிகர்கள் வீடு திரும்புகிறார்கள். ஆகவே முழுப் பக்கவாத்தியக் குழுவுக்கும் ஒத்திகை நாட்கள் வேண்டும், அந்த நாட்களுக்குச் சம்பளமும் வேண்டும். ஒத்திகையே இல்லாமல் பழைய வாத்திய அமைப்பை அப்படியே ஓட்டினால் உங்களுக்குச் செலவு மிச்சம், அவருக்குப் பெயர் நாசம்.

இப்படியெல்லாம் யார் செய்கிறார்கள் என்று கேட்டால், அமெரிக்கப் பாடகர் பால் சைமனைப் பாருங்கள். 2018இல் விடைபெறும் பயணம் போய்விட்டு வந்தவர், 2023இல் 81 வயதில் 'செவன் சாம்ஸ்' என்று 33 நிமிடம் இடைவிடாமல் ஓடும் ஒரே தொடர்பாட்டை வெளியிட்டார். அதை உருவாக்கும்போதே இடது காதின் கேட்கும் திறன் பெரும்பாலும் போய்விட்டது. 2025இல் பெரிய மைதானங்களை விட்டுவிட்டு, ஒலி நன்றாக இருக்கும் சிறிய அரங்குகளாகத் தேர்ந்தெடுத்துப் புறப்பட்டார். முதல் பாதி முழுக்க அந்தப் புதிய படைப்பு, இரண்டாம் பாதியில் பழைய பாட்டுகள். வந்தவர்களுக்கு இரண்டும் கிடைத்தன. இந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொண்டால்கூட எனக்குப் போதும்.

இசை நிறுவனங்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய ஆல்பத்தின் 25ஆம் ஆண்டுப் பதிப்பு, 40ஆம் ஆண்டுப் பதிப்பு, 50ஆம் ஆண்டுப் பதிப்பு என்று அட்டைப்பெட்டியைப் பெரிதாக்கிக்கொண்டே போகிறீர்கள். நானும் வாங்கித்தான் தொலைக்கிறேன். அதில் ஒரு பங்கு போதும் புதிய பதிவுக்கு. அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாடகர் ஜானி கேஷை அவருடைய நீண்டகால நிறுவனம் 1986இல் கைவிட்டது. ராப்பும் ஹெவி மெட்டலும் தயாரித்துக்கொண்டிருந்த ரிக் ரூபின் பிறகு அவரைத் தன் வீட்டு வரவேற்பறையில் கிதாரோடு உட்காரவைத்துப் பாடச் சொன்னார். 1994இல் வந்த அந்த ஆல்பத்தில் அவருடைய குரலும் கிதாரும் மட்டும்தான். செலவு என்று பெரிதாக எதைச் சொல்வீர்கள்?

வயதான காலத்தில் வருகிற எல்லா ஆல்பமும் தங்கம் என்று நான் சாதிக்க வரவில்லை. சலிப்பூட்டியவை உண்டு. சிலவற்றை நான் இரண்டாம் முறை கேட்கவே இல்லை. இருபத்தைந்து வயதில் எழுதியவற்றிலும் இதே கதைதான், மோசமானவை மறந்துபோய்விட்டதால் அந்தக் காலம் முழுக்கப் பொன்னாகத் தெரிகிறது.

எங்கள் பக்கம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. புதிய பாட்டு தொடங்கும்போது எழுந்து போகாமல் இருப்பது அதில் முதல் வேலை. அதற்கு நீங்கள் கொஞ்சம் உதவலாம். புதிய பாட்டைக் கச்சேரி கடைசியில், எல்லோரும் களைத்திருக்கும் நேரத்தில் தள்ளாதீர்கள். மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வையுங்கள். பாட்டு வரிகளை அச்சடித்துக் கையில் கொடுங்கள், அல்லது திரையில் காட்டுங்கள். முதல்முறை கேட்கிறவருக்குச் சொல் பிடிபட்டுவிட்டால் மெட்டு தானாக ஒட்டிக்கொள்ளும். டிக்கெட் விற்கும்போதே புதிய பாட்டுகளும் உண்டு என்று சொல்லிவிடுங்கள், ஏமாந்தோம் என்ற பேச்சு வராது.

கடைசியாக, அடுத்த கச்சேரிக்கான ஒப்பந்தத்தில் இன்னின்ன பாட்டைப் பாடியே ஆக வேண்டும் என்று பட்டியல் போடும் எண்ணம் இருந்தால், அதில் நான்கு இடங்களை நிரப்பாமல் அவரிடம் அனுப்புங்கள். அவர் இன்னும் பெயர்கூட வைக்காத பாட்டாக இருந்தாலும் பரவாயில்லை, நாங்கள் உட்கார்ந்து கேட்கிறோம்.

இப்படிக்கு,
டிக்கெட் வாங்குகிறவர்களில் ஒருவன்