வைஃபைக்கு எதற்கு என் பிறந்த தேதி?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வைஃபை வேகத்தைக் கூட்டும் ஆராய்ச்சி பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அடையாளம் காட்டாத மின்கையொப்பம் (அனுமதி உள்ளவர் என்று மட்டும் நிரூபித்து, பெயரைச் சொல்லாத கணினி முத்திரை) பற்றிய பகுதியைக் கடைசியில் இரண்டே வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது.

போன மாதம் ஒரு கடைத்தொகுதியில் பேத்தியின் பள்ளிப் படிவத்தை அவசரமாக அனுப்ப வேண்டியிருந்தது. இலவச வைஃபை கைப்பேசி எண், மின்னஞ்சல், பிறந்த தேதி எல்லாம் கேட்டது, கொடுத்தேன். அன்றிலிருந்து மசாஜ் நாற்காலி விளம்பரம் ஓயவில்லை!

யார் என்று சொல்லாமலே அனுமதி பெறுவதற்கு வழி 1991லேயே வந்துவிட்டது. குறியாக்க ஆய்வாளர்கள் டேவிட் சௌம், வான் ஹெய்ஸ்ட் இருவரும் சொன்ன குழுக் கையொப்பத்தில், இவர் உறுப்பினர்தான் என்பது மட்டும் சரிபார்ப்பவருக்குத் தெரியும், எந்த உறுப்பினர் என்று தெரியாது. ஏதாவது தகராறு வந்தால் குழு நிர்வாகி மட்டும் கையொப்பத்தைத் திறந்து, போட்டவர் யார் என்று பார்க்கலாம். 2001இல் ரிவெஸ்ட், ஷமீர், டௌமன் கொண்டுவந்த வளையக் கையொப்பத்தில் நிர்வாகியே கிடையாது. பொது வைஃபைக்கு அது சரிப்படாது, ஏமாற்றுக்காரன் தப்பித்துவிடுவான். குழுக் கையொப்பமே போதும், திறக்கிற சாவி (ஒரு ரகசிய எண்) மட்டும் கடைக்காரர் கையில் இருக்கக்கூடாது.

நெட்வொர்க் வேலை பார்க்கும் என் மருமகன், "இதையும் சேர்த்தால் வைஃபை இன்னும் மெதுவாகாதா மாமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் 2004இல் போனே, பாயன், ஷாக்கம் தந்த குழுக் கையொப்பம் 200 பைட்டுக்கும் குறைவு, ஒன்றிரண்டு குறுஞ்செய்தி அளவு. அதைவிட வைஃபையில் நேரத்தைத் தின்பது முறைக்குக் காத்திருப்பதுதான்: ஒவ்வொரு கருவியும் அலைவரிசை காலியா என்று காது கொடுத்துக் கேட்டு, கொஞ்சம் பொறுத்துப் பேச வேண்டும், இரண்டு ஒரே நேரத்தில் பேசிவிட்டால் இரண்டும் வீண், அப்புறம் இன்னும் அதிக நேரம் பொறுக்க வேண்டும். எங்கள் புளோக்கில் வீட்டுக்கு வீடு ரவுட்டர், 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத சேனல்களோ 1, 6, 11 என்று மூன்றுதான். ராத்திரி எட்டு மணிக்கு ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தை மாதிரி நெரிசலாக இருக்கும். வைஃபை 6 என்ற தலைமுறை ஒரே முறையில் பலருக்குப் பங்கு போட்டுக் கொடுப்பதால் நெரிசல் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஆகவே கையொப்பத்தின் நீளத்தைவிட, அதற்காகக் கருவிக்கும் ரவுட்டருக்கும் இடையே எத்தனை தடவை தகவல் போய்வர வேண்டும் என்பதைத்தான் குறைக்க வேண்டும். வேகத்தை ஆராய்கிறவரும் கையொப்பத்தை ஆராய்கிறவரும் சேர்ந்து உட்கார வேண்டிய இடம் இது.

கைப்பேசியின் மேக் முகவரியே (வலையமைப்பில் கருவியைக் காட்டும் எண்) ஆளைக் காட்டிக்கொடுத்தால் கையொப்பத்தை மறைத்து என்ன பயன் என்பது வேறு விஷயம். புதுக் கைப்பேசிகள் வலையமைப்புக்கு ஒன்றாக அதை மாற்றிக்கொள்கின்றன, சரி.

அடுத்த முறை ஆய்வாளர்களைப் பேட்டி எடுக்கும்போது ஒன்று கேளுங்கள்: குழுவிலிருந்து ஒருவரை நீக்கினால் மற்றவர்கள் எல்லோருக்கும் கையொப்பம் போடுவதற்குப் புதுச் சாவி கொடுக்க வேண்டுமா, வேண்டாமென்றால் எப்படிச் சமாளிக்கிறார்கள்? மருமகனுக்கும் எனக்கும் இதில்தான் இன்னும் வாக்குவாதம்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்