கூடாரம் வேண்டாம், கேம்ப்ஃபயரும் கிடையாது: டாப்சிலிப் முகாம் பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். தேசியப் பசுமைப் படையில் இருக்கும் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஜனவரி கடைசி வாரத்தில் மூன்று நாள் இயற்கை முகாமுக்காக ஆனைமலைக் காட்டிலுள்ள டாப்சிலிப்புக்கு அழைத்துப் போகிறோம். வனத்துறை அனுமதி வந்துவிட்டது. வகுப்பில் இதைச் சொன்ன மறுநாளே ஒரு அப்பா பள்ளிக்கு வந்து, "எத்தனை பேர் படுக்கிற டென்ட் சார் வாங்கணும்?" என்று கேட்டார். இன்னும் சில வீடுகளிலும் இதே அடம் நடப்பதாகக் கேள்வி. அதனால்தான் இந்தக் கடிதம்.

டென்ட் வாங்காதீர்கள். பிள்ளைகள் போனில் பார்ப்பது வெளிநாட்டுக் காடுகளில் நடக்கும் கேம்பிங். நாம் போவது 2007இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட ஆனைமலைக் காடு. அங்கே நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது. வனத்துறையின் டார்மெட்டரியில்தான் படுக்கை. விடுதிக்கு எதிரே உள்ள புல்வெளியில் மானும் காட்டுப்பன்றியும் சாதாரணமாக மேயும். யானையோ காட்டுமாடோ வந்தாலும் வியப்பில்லை. ஆகவே இருட்டிய பிறகு யாரும் வாசற்படி தாண்டக் கூடாது. கழிவறைக்கு என்றாலும் ஆசிரியரை எழுப்பிவிட்டுத்தான் போக வேண்டும்.

கேம்ப்ஃபயரும் கிடையாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கியதையும், 23 பேர் இறந்ததையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காய்ந்த புல்லுக்கு ஒரு பொறி போதும். கோடை தொடங்குவதற்கு முன்பே, ஜனவரியிலேயே போய் வருவதற்கும் அதுதான் காரணம். தீப்பெட்டி, லைட்டர் எதுவும் பையில் இருக்கக் கூடாது. பி.டி. சார் பைகளைத் திறந்து பார்ப்பார், வருத்தப்படாதீர்கள்.

அப்படியென்றால் அங்கே போய் என்னதான் செய்வார்கள் என்று கேட்கலாம். நடப்பார்கள், பார்ப்பார்கள், கேட்பார்கள். டாப்சிலிப் என்ற பெயரே ஒரு பாடம். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் இந்த மலையில் தேக்கை வெட்டி, உச்சியிலிருந்து ('டாப்') சரிவில் நழுவவிட்டார்கள் ('ஸ்லிப்'). அடிவாரத்தில் சேர்ந்த மரங்கள் கப்பல் கட்ட பம்பாய் வரை போயின. காடு மொட்டையாகிக்கொண்டிருந்தபோது வந்த வன அதிகாரி ஹியூகோ வுட், மரத்தை வேரோடு எடுக்காமல் அடிக்கட்டையை விட்டு வெட்டச் சொன்னார். அதிலிருந்து புதுத் துளிர் வரும் என்பது கணக்கு. பை நிறைய தேக்கு விதையோடு நடந்து, கைத்தடியால் குழி குத்திப் போட்டுக்கொண்டே போவாராம். 1933இல் இறந்தவரை, அவர் விரும்பியபடியே அந்தத் தேக்குகளுக்கு நடுவில் அடக்கம் செய்திருக்கிறார்கள். அவர் கல்லறைக்கு முன்னால் பிள்ளைகளை அரை மணி நேரம் சும்மா உட்கார வைக்கப் போகிறேன். இந்த வருடம் நான் மிகவும் எதிர்பார்த்திருக்கும் வகுப்பு அதுதான்.

அப்புறம் கோழிகமுத்தி யானை முகாம். 2019இல் நம்ம மடத்துக்குளம் பக்கம் கரும்புக்காட்டில் வந்து நின்றானே காட்டு யானை சின்னத்தம்பி, அவன் இப்போது அங்கேதான் கும்கி, அதாவது வனத்துறைக்கு உதவும் பழக்கிய யானை. 2023 மார்ச்சில் 60 வயதில் வனத்துறை அணிவகுப்பு மரியாதையோடு ஓய்வு பெற்ற கும்கி யானை கலீமின் முகாமும் அதுதான். மாவுத்தர்கள் பெரும்பாலும் மலசர் பழங்குடி மக்கள். அவர்களை 'அண்ணா', 'ஐயா' என்று கூப்பிட வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறோம், நீங்களும் ஒருமுறை சொல்லுங்கள். யானைக்குத் தெரிந்ததைவிட அதிகமாக யானையைத் தெரிந்தவர்கள் அவர்கள்.

புலியைப் பார்ப்போம் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். நான்கு முறை போயிருக்கிறேன், ஒரே ஒரு முறை கால்தடம் பார்த்தேன். இருவாச்சிப் பறவை பறந்தால் இறக்கைச் சத்தமே தலையை நிமிர வைக்கும். பேசாமல் நடந்தால் மட்டும்.

பைக்கு வருவோம். பச்சை, காக்கி, பழுப்பு நிறத் துணிகள், ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸோடு ஷூ, டார்ச், எவர்சில்வர் தண்ணீர் பாட்டில். முதல் நாள் மதியத்துக்குப் புளிசோறு, பிளாஸ்டிக் டப்பாவில் வேண்டாம். ஈரமான இடத்தில் அட்டை ஏறினால் பயப்பட ஒன்றுமில்லை, உப்புப் பொட்டலம் எங்களிடம் இருக்கும். செண்ட் வேண்டாம். பெண் பிள்ளைகளுக்கு மல்லிகைச் சரமும் இந்த மூன்று நாள் வேண்டாம், அம்மாக்கள் மன்னிக்கவும்.

சிப்ஸ், பிஸ்கட் பாக்கெட் கண்டிப்பாகக் கூடாது. சேத்துமடை சோதனைச் சாவடியிலேயே எடுத்துவிடுவார்கள். தப்பித்து உள்ளே வந்தாலும் குரங்கு எடுத்துவிடும். சென்ற முறை ஒரு பையனின் பை ஜிப்பை அது திறந்த வேகம் எனக்கு வராது. உண்மையைச் சொன்னால், முதன்முதலில் போனபோது நானே ஒரு குரங்குக்கு வாழைப்பழம் கொடுத்தேன். "நீங்க பழக்கிட்டுப் போயிடுவீங்க சார், நாளைக்கு அது ரோட்டுல காருக்கு முன்னாடி நிக்கும்" என்றார் வனக்காவலர். பதில் சொல்ல முடியவில்லை.

பிள்ளைகளிடம் போன் கொடுத்துவிடாதீர்கள். அங்கே சிக்னலை நம்பவும் முடியாது. தினமும் மாலை வகுப்பாசிரியர் குழுவில் செய்தி போடுவார். வரத் தாமதமானால் சிக்னல்தான் காரணம், வேறொன்றும் இல்லை. பொள்ளாச்சி அரசு மருத்துவமனைக்கு மலையிறங்கிப் போக ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். ஆகவே ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை, தூக்கத்தில் நடப்பது என எது இருந்தாலும் மறைக்காமல் படிவத்தில் எழுதுங்கள். நான் மட்டும்தான் படிப்பேன். கட்டண விவரமும் படிவத்தில் இருக்கிறது. கட்ட முடியாதவர்கள் என்னிடம் தனியே சொன்னால் போதும், பிள்ளைக்குத் தெரிய வேண்டியதில்லை.

ஒப்புதல் படிவத்தை அடுத்த திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். அம்மா, அப்பா இல்லாத வீட்டில் தாத்தா, பாட்டி கையெழுத்தும் சரி.

ஏற்கெனவே டென்ட் வாங்கிவிட்டவர்கள் பில்லைத் தொலைத்துவிடாதீர்கள். பிரிக்காமல் இருந்தால் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்