ஆனி 30-க்குள் இன்னும் 94,000 ரூபாய் வேண்டும்

பேரன்புடையீர், வணக்கம்.

அம்மன் அருளால் நமதூர் இலவச மருந்தகத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடம் கட்டி, வெள்ளையடித்தும் ஆகிவிட்டது. முன்பணம் வாங்கிய கம்பெனி, ஆனி 30-க்குள் மீதியைக் கட்டாவிட்டால் பழைய விலைக்குக் கருவிகள் இல்லை என்கிறது.

ரத்த அணுக்களை எண்ணும் செல் கவுண்டர் மெஷின் 1,85,000. மைக்ராஸ்கோப் 38,000. ஓராண்டுக்கு ரசாயனம், சாயம், ஸ்லைடு 60,000. இன்வெர்ட்டர் 22,000. ஆக 3,05,000 ரூபாய். வந்தது 2,11,000.

"மெஷினே எண்ணிவிடுமே, மைக்ராஸ்கோப் எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். மெஷின் எண்ணும், ஆளை அடையாளம் காட்டாது. ரத்தப் புற்றுநோயின் முதிராத அணுக்களை இந்த விலை மெஷின் சாதாரண லிம்போசைட் என்ற வெள்ளையணுக் கணக்கில் சேர்த்துவிடக்கூடும். வெள்ளையணு கூடித்தான் இருக்கும் என்பதும் இல்லை. சிலருக்குக் குறைந்தே இருக்கும். ஒரு சொட்டை ஸ்லைடில் இழுத்து, சாயமேற்றிக் கண்ணால் பார்த்தால் பிடிபடும். உறுதிசெய்யும் எலும்பு மஜ்ஜைச் சோதனை பெரிய ஆஸ்பத்திரியில்தான்.

இந்தச் சோதனைக்கு எந்தப் பிள்ளையைக் கூட்டிவர வேண்டும்? இரண்டு வாரம் தாண்டியும் விடாத காய்ச்சல், வெளுத்த முகம், ஈறில் ரத்தம், அடிபடாமலே கன்றிப்போன தோல், கழுத்திலும் அக்குளிலும் நெறிகட்டு. ராத்திரி கால் வலி என்று அழும், நொண்டும். காலில் கடுகு தெளித்தாற்போல் சிவப்புப் புள்ளி இருந்தால் கண்ணாடி டம்ளரால் அழுத்திப் பாருங்கள். மறையாவிட்டால் தாமதிக்க வேண்டாம். டெங்குவிலும் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு குறையும், பெரும்பாலும் பத்து நாளில் ஏறிவிடும். ஏறாவிட்டால் மறுசோதனை அவசியம். சோதிக்காமல் மூட்டுவலிக்கு ஸ்டீராய்டு ஊசி போடுவதுதான் பெரிய கெடுதல்: நோய் சில நாள் பதுங்கி, சோதனையிலும் ஒளிந்துகொள்ளும்.

1954-ல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-ல் நம் புதுக்கோட்டையில் பிறந்தவர். ஆண்பிள்ளைகள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரிக்குள் போராடி நுழைந்தவர். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரமே அந்த மருத்துவமனைக்கு வித்து. அந்த மண்ணுக்கு ஒரு மைக்ராஸ்கோப் பாரமா?

தேர்த் திருவிழா மீதியை அப்படியே தந்த கோவில் கமிட்டியாருக்கும், ஆளுக்கு நூறு சேர்த்த மகளிர் குழுத் தாய்மாருக்கும், கேட்குமுன் அனுப்பிய சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கும், சித்தாள் கூலியில் ஒருநாள் பங்கைக் கொடுத்தவர்களுக்கும் எங்கள் கைகூப்பு. வாணவேடிக்கைக்குத் தாராளமாக எழுதிய பலருடைய பெயர் இந்த நோட்டில் இன்னும் ஏறவில்லை. நோட்டு கோவில் மண்டபத்திலேயே இருக்கிறது, யாரும் புரட்டலாம்.

தினமும் மாலை 6 முதல் 8 வரை பொருளாளர் அங்கிருப்பார். பத்து ரூபாய்க்கும் ரசீது உண்டு.

இப்படிக்கு,
பரிசோதனைக் கூடக் குழுவினர்