அடக்கம் பத்தி அம்மா எழுதறது

செல்லம்,

அடக்கம்ங்கற வார்த்தையே பிடிக்கல, பொண்ணுங்கள அடக்கி வெக்கத்தான் அத கண்டுபிடிச்சிருக்காங்கன்னு போன்ல சொன்னியே. உன் கோவம் நியாயம்தான், ஆனா தப்பு அந்த வார்த்தை மேல இல்லடா.

அடங்கு, அடக்கு ரெண்டையும் வாய்விட்டு சொல்லிப் பாரு. ங் மூக்கு வழியா மெதுவா வரும், க் தொண்டைய அப்படியே இறுக்கிப் பிடிக்கும். முதல்ல உள்ளது தானா நடக்கறது, ரெண்டாவது இன்னொருத்தர் செய்யறது. முடங்கு முடக்கு, மடங்கு மடக்கு, ஒடுங்கு ஒடுக்கு எல்லாம் இப்படித்தான். அடக்கம்ல க்க இருக்கறதால அது அடக்குல இருந்து வந்துச்சுன்னு தோணும், ஆனா தயங்கு தயக்கம், மயங்கு மயக்கம், கலங்கு கலக்கம்னு சொல்றோமே, அந்த மாதிரி அடங்கு அடக்கம். யாரும் உன்னைப் பிடிச்சு அமுக்கறது இல்ல அது, நீயா உன்னைப் பிடிச்சு நிறுத்தறது. அமுக்கறதுக்குத்தான் அடக்குமுறைன்னு தனியா பேர் இருக்கே!

திருக்குறள்ல 13-வது அதிகாரம் அடக்கமுடைமை, எடுத்துப் படி. பத்து குறள்ல ஒண்ணு கூட பொண்ணுங்களுக்குன்னு தனியா சொன்னது இல்ல. 124-ல "நிலையின் திரியாது அடங்கியான் தோற்றம் மலையினும் மாணப் பெரிது"ன்னு வருது. அடங்கியான்! ஆம்பளைய சொல்ற சொல்லுதான்டா. அவன் மலைய விட பெருசா தெரிவான்ங்கறார், குனிஞ்சு நிப்பான்னு சொல்லல. இத பொண்ணுங்க தலைல மட்டும் கட்டினது பின்னாடி வந்தவங்க வேலை, அதுல எனக்கும் கோவம் இருக்கு.

ஜெயிக்கறதுக்கு உள்ள 'கொள்'ங்கற வார்த்தையையும் பாரேன், அதுலயும் இதே மாதிரி ரெண்டு பக்கம் இருக்கு. ராஜேந்திர சோழன் கங்கை கொண்டான், 1025 வாக்குல கடாரமும் (இப்ப மலேசியால இருக்கற கெடா) கொண்டான். பராந்தக சோழனுக்கு மதுரை கொண்டவன்னு பட்டம். கொள்னா எடுத்துக்கறது, அவ்ளோதான், கல்வெட்டுல அத பெருமையா வெட்டி வெச்சாங்க. கொள்ளைங்கறதும் அதே கொள்ளுல இருந்துதான் வருது, ஊரை இழந்தவங்க பக்கம் நின்னு பாத்தா ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது. கொள்கையும் அதே வேர்தான், ஆனா அதுல யார்கிட்டருந்தும் எதையும் பிடுங்க வேண்டாம், மனசுல ஏத்துக்கிட்டா போதும்.

அதனால உன்னை யாராவது அடங்குன்னு அதட்டினா நீ அடங்கவே வேண்டாம், அவங்க சொல்றது அடக்கம் இல்ல. அந்த வார்த்தைய மட்டும் அவங்களுக்கு விட்டுக் குடுத்துடாதடா.

அம்மா