பச்சை மை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில்தான் பேசிக்கொள்கிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் சாப்பிட்டாயா என்பேன், நீ ஆயிற்று என்பாய். அதற்கு மேல் நம் இருவருக்கும் பேச்சு ஓடுவதில்லை. இப்போதெல்லாம் செவ்வாய், புதன் என்று பார்க்காமல் காலை பதினோரு மணிக்கே கூப்பிடுகிறாய். சந்தோஷம்தான். முன்பு ஞாயிற்றுக்கிழமை இரவு ஐந்து நிமிடம் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது.

நேரத்துக்குச் சாப்பிடு. இரவில் விழித்திருக்காதே. உன் அப்பாவுக்கும் அந்தப் பழக்கம் இருந்தது, எங்கே கொண்டுபோய் விட்டது என்று உனக்கே தெரியும்.

பள்ளிக்கூடத்துக்கு இது நூறாவது ஆண்டு. மலர் போடுகிறார்கள். பள்ளியின் வரலாற்றை நான்தான் எழுத வேண்டுமாம். ஓய்வு பெற்றவர்களில் கண்ணாடி போட்டால் எழுத்துத் தெரிகிற ஆள் நான் ஒருத்திதான் மிச்சம் என்பதைத் தவிர வேறு தகுதி எனக்கில்லை. மூன்று வாரமாகத் தினமும் போய், பழைய ஆய்வகத்தின் பின்னறையில் சேர்க்கைப் பதிவேடுகளோடு உட்கார்ந்திருக்கிறேன். பிரித்தால் தூசி, மூடினால் பாச்சை. பள்ளி உதவியாளர் நல்ல பையன், தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறான். மதியம் வீட்டுக்கு வந்துதான் சாப்பிடுகிறேன், கவலைப்படாதே.

அந்தப் பதிவேடுகளை நீ பார்க்க வேண்டும். முதல் புத்தகம் முழுவதும் சாய்ந்த ஆங்கில எழுத்து. தாத்தா கடைசிவரை 'போர்டு ஹைஸ்கூல்' என்றுதானே சொல்வார், அந்தக் காலத்துப் புத்தகம். ஒரு பெண் பெயர்கூட இல்லை. அதற்குப் பிறகு வரும் புத்தகங்களில் பிறந்த தேதிக் கட்டத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஊரில் பாதிப் பேர் மே மாதத்திலும் ஜூன் முதல் வாரத்திலும் பிறந்திருக்கிறார்கள். தொடக்கப் பள்ளியில் வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது, வாத்தியார் எழுதியதே பிறந்த நாள். உன் அப்பாவின் ஜூன் 1-ம் அப்படி வந்ததுதான். அதற்குப் போய் வருடாவருடம் பாயசம் வைத்தோம்.

தந்தையின் தொழில் என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஆரம்பத்தில் நிலக்கிழார், வணிகர், கணக்குப்பிள்ளை, குமாஸ்தா, இவ்வளவுதான். காமராசர் காலத்தில் 1956-இல் தொடக்கப் பள்ளிகளில் மதிய உணவு வந்தது. அங்கே சாப்பிட்டுப் படித்த பிள்ளைகள் ஐந்து வருடம் கழித்து ஆறாம் வகுப்புக்கு வரும்போது, அந்தக் கட்டத்தில் 'கூலி' என்ற சொல் நுழைகிறது. முதலில் பக்கத்துக்கு ஒன்று, அப்புறம் நாலைந்து. இன்னும் சில புத்தகங்கள் தாண்டினால் எழுத்தர் அலுத்துப்போய் மேலே ஒரு தடவை 'கூலி' என்று எழுதி, கீழே வரிசையாக இரட்டைக் கோடு இழுத்துக்கொண்டே போயிருக்கிறார். மலரில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் போடச் சொன்னேன். குழுவில் ஒருவருக்குப் பிடிக்கவில்லை. முன்னாள் மாணவர்களில் பெரிய அதிகாரிகள் இருக்கிறார்களாம், அவர்கள் படம்தான் முன்னால் வர வேண்டுமாம். போடட்டும். அவர்களில் எத்தனை பேர் அந்த இரட்டைக் கோட்டுக்கு உள்ளே இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

நெ.து.சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. அரசு செய்வது போக மிச்சத்தை ஊரே செய்துகொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. நம் ஊர் மாநாட்டில் வந்த பொருள்களின் பட்டியல் ஒரு கோப்பில் அப்படியே இருக்கிறது. பெஞ்சு, கரும்பலகை, சுவர்க் கடிகாரம், மண்பானை, மணி அடிக்கத் தண்டவாளத் துண்டு. தாத்தா கிடாரியை விற்று மேசை கொடுத்த கதையை அத்தை நூறு தடவை சொல்லியிருப்பாள், நாம் யாரும் நம்பவில்லை. பட்டியலில் இருக்கிறது, தம்பி. 'மேசை 1' என்று போட்டு எதிரே தாத்தாவின் பெயர். அத்தையிடம் போனில் படித்துக்காட்டினேன். அழுதாள். நீயும் ஒரு தடவை அவளைக் கூப்பிடு. உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். உனக்கு இப்போது நேரம்

அந்த வரியை அப்படியே விட்டுவிடுகிறேன்.

பாப்பாவுக்கு இந்தப் பருவத்துக் கட்டணம் கட்டியாயிற்றா? கேட்டதற்குக் கோபித்துக்கொள்ளாதே. கட்டாவிட்டால் குடி முழுகிவிடாது. நீ படித்த பள்ளிக்குக் கட்டணமே கிடையாது. பத்தாம் வகுப்பில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கி, காலையில் வழிபாட்டுக் கூட்டத்தில் உன்னை மேடைக்கு அழைத்தபோது நான் ஆசிரியர் வரிசையில் நின்று கைதட்டாமல் இருந்தேன், மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் அங்கே இல்லையே என்று. வீட்டுக்கு வந்தாவது தட்டியிருக்கலாம். இங்கிருந்து போன பிள்ளைதான் பெங்களூரில் நாற்பது பேருக்கு மேலே உட்கார்ந்திருக்கிறான் என்று யாரிடமும் சொல்லாத நாளில்லை. போன வாரம்கூட மளிகைக் கடையில் சொன்னேன். சொன்ன பிறகு, ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது. செய்தித்தாளில் ஆட்குறைப்பு என்று எந்தக் கம்பெனியைப் பற்றிப் போட்டிருந்தாலும் இப்போது நான் அந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை.

பள்ளி முன்போல இல்லை. காலையில் ஏழே முக்காலுக்கே மஞ்சள் வேன்கள் தெருத்தெருவாக வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகின்றன. மிச்சம் இருப்பவர்கள்தான் நம் பள்ளிக்கு வருகிறார்கள் என்று ஒரு புது ஆசிரியர் என்னிடமே சொன்னார். எனக்கு ஆத்திரம் வந்தது. அந்த மிச்சத்தில் ஒருத்தி, 2020-இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்த பிறகு மருத்துவக் கல்லூரிக்குப் போயிருக்கிறாள். அம்மா செங்கல் சூளையில் வேலை. ஆறாம் வகுப்பிலிருந்து இங்கேதான் படித்தாள் என்பதற்குச் சான்று கேட்டபோது எடுத்துக் காட்டியதும் இந்தப் பதிவேட்டைத்தான். மைதானம் மட்டும் மாறவில்லை. வெள்ளம் வந்தால் முகாம், தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி, விடிந்தால் நடைப்பயிற்சிக்காரர்கள். பள்ளியைத் திட்டுகிறவர்கள்கூட அங்கேதான் நடக்கிறார்கள்.

இப்போது சொல்லப்போவதைச் சொல்லத்தான் கடிதம் எழுத உட்கார்ந்தேன் என்று நினைக்கிறேன். பாட்டி மாதிரி ஊரைச் சுற்றிவிட்டேன்.

நூற்றாண்டு விழாவுக்கு முன்னாள் மாணவர்களைப் பத்தாம் வகுப்பு முடித்த ஆண்டு வாரியாகச் சேர்க்கிறார்கள். ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு. உன் 2002 குழுவில் எல்லோரும் இருக்கிறார்கள், உன்னைத் தவிர. எதுவும் சொல்லாமல் வெளியேறிவிட்டாய் என்று உன் பழைய கூட்டாளி கேட்டான். எண் மாறியிருக்கும் என்று சொல்லிவைத்தேன்.

போன வெள்ளிக்கிழமை வாசலில் புது இரும்புக் கதவு பொருத்திக்கொண்டிருந்தார்கள். வெல்டிங் செய்தவர் முகக்கவசத்தைத் தூக்கிவிட்டு வணக்கம் டீச்சர் என்றார். சொந்தப் பட்டறை வைத்திருக்கிறாராம். கதவுக்குக் கூலி வாங்கவில்லை, இரும்புக்கு மட்டும் வாங்கியிருக்கிறார். நான் பாராட்டினேன். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார்: "டீச்சர், எல்லாரும் ஏதோ ஒரு குழுவில் இருக்கிறார்கள். நான் எந்த பேட்ச்?"

வாய்விட்டுக் கேட்டதே அவ்வளவுதான். குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். அதுதான் தாங்க முடியவில்லை.

உள்ளே போய்ப் பதிவேட்டை எடுத்தேன். தேட வேண்டிய வேலையே இல்லை, எந்தப் பக்கம் என்று என் கைக்குத் தெரிந்திருந்தது. 2009, மே மாதம். பள்ளியை விட்டு நீங்கிய காரணம் என்ற கட்டத்தில், பச்சை மையில், என் கையெழுத்தில்: 'பெற்றோர் விருப்பப்படி'. அதே பக்கத்திலும் அடுத்த பக்கத்திலுமாக ஏழு பேர். ஏழு பேருக்கும் அதே இரண்டு சொல். கீழே இரட்டைக் கோடுகூட இழுக்கவில்லை, ஏழு தடவையும் முழுதாக எழுதியிருக்கிறேன்.

எந்தப் பெற்றோரும் விரும்பவில்லை. நான் விரும்பினேன். எட்டாம் வகுப்புவரை மெதுவாக நகர்ந்து வந்த பிள்ளைகள். பத்தாம் வகுப்புக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்புவதற்கு முன்னால் இவர்களைக் கழித்துவிட்டால் நூறு சதவீதம் நிச்சயம் என்று எல்லாப் பள்ளிகளிலும் சொல்லிக்கொள்வார்கள். அதற்கு முந்தின வருடம் மீளாய்வுக் கூட்டத்தில் தேர்ச்சி குறைந்த தலைமையாசிரியர்களை எழுந்து நிற்கச் சொன்னார்கள். நானும் நின்றேன். ஐம்பது வயதில், முந்நூறு பேர் நடுவில். அதை உன்னிடம் சொன்னதில்லை. அந்த அவமானத்தை ஏழு பிள்ளைகளின் தலையில் இறக்கிவைத்தேன். இப்போது வெல்டிங் செய்கிற அந்தப் பையனின் அப்பாவைக் கூப்பிட்டு, டுடோரியலில் சேருங்கள், தனித்தேர்வராக எழுதட்டும், அவனுக்கு நல்லது என்றேன். அவர் படிக்கத் தெரியாதவர். டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கும்பிட்டுவிட்டுக் கைநாட்டு வைத்தார். மாற்றுச் சான்றிதழில் நடத்தைக்கு நேரே 'நன்று' என்று நானே எழுதிக் கொடுத்தேன்.

2010-இல் நூறு சதவீதம். செய்தித்தாளில் படம் வந்தது. நீ அதைக் கத்தரித்து, பெங்களூரில் சட்டம் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாய். வெள்ளிக்கிழமை இரவு அதைக் கழற்றிவிட்டேன். சுவரில் அந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிகிறது. நீ வந்தால் எங்கே என்று கேட்பாய், அதனால் முன்பே சொல்லிவிட்டேன். உன் மேல் கோபம் இல்லை.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. மாடிக்குப் போய்ப் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து உன் ஒன்பதாம் வகுப்பு ரேங்க் கார்டை எடுத்தேன். ஆம், நீ அரிசி டிரம்மில் ஒளித்துவைத்த அந்தக் கார்டுதான். தொலைந்துவிட்டது என்று வகுப்பாசிரியரிடம் சொல்லிப் புது அட்டை வாங்கி அப்பாவிடம் கையெழுத்து வாங்கினாயே, அதனுடைய அசல். அரையாண்டுத் தேர்வு, கணக்கு, 34. சுற்றிச் சிவப்பு வட்டம். கணக்கு டீச்சர் மகன் கணக்கில் ஒரு மதிப்பெண்ணில் தோற்றான் என்று ஆசிரியர் அறையில் பேசுவார்களே என்றுதான் எனக்குப் பட்டது. உனக்கு என்ன ஆயிற்று என்று கேட்கத் தோன்றவில்லை. ஒன்பது நாள் தட்டை வைத்துவிட்டு எழுந்து போனேன். அப்பா சொல்லிப் பார்த்தார். பத்தாம் நாள் நீயாக வந்து இனிமேல் தோற்க மாட்டேன் அம்மா என்றாய். அதை நான் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நீ எந்தக் கெட்ட செய்தியையும் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. ஒன்றுகூட. எனக்கு அது இப்போதுதான் உறைக்கிறது.

பெற்றோர் கையெழுத்துக்கான இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. மேசை மேல் வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை மலர்க் குழுவிடம், படிப்பை முடிக்காமல் போனவர்களுக்கும் ஒரு குழு வேண்டும், சேர்ந்த ஆண்டை வைத்துச் சேருங்கள் என்றேன். ஆளாளுக்கு முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். செய்வார்களோ மாட்டார்களோ. அந்த வெல்டிங்காரரின் பட்டறைக்கு நானே போய்ச் சொல்ல வேண்டும், நீ 2005-இல் ஆறாம் வகுப்பில் சேர்ந்தாய், உன் பேட்ச் அது என்று. மிச்சத்தையும் சொல்ல வேண்டும். இரண்டு நாளாகக் கிளம்புகிறேன், தெருமுனைவரை போய்த் திரும்பிவிடுகிறேன்.

வேறென்ன. மாடிப் போர்ஷனில் இருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள். வாடகைக்கு விடவில்லை, வெள்ளையடித்து வைத்திருக்கிறேன். பாப்பாவுக்கு ஜன்னல் பக்கம் இடம் இருக்கிறது. என் ஓய்வூதியம் எனக்குப் போதும், போதும் என்றால் மிஞ்சுகிறது. நீ முதல் தேதி தவறாமல் அனுப்புகிறாயே, அதை மூன்று மாதமாக நான் தொடவில்லை. அடுத்த மாதம் அனுப்பாதே. அனுப்பினால் திருப்பி அனுப்புவேன். மருமகளிடம் இந்தக் கடிதத்தைக் காட்டலாம், காட்டாவிட்டாலும் சரி.

நேரத்துக்குச் சாப்பிடு. விழா ஞாயிற்றுக்கிழமைதான். ஆனால் விழாவுக்கென்று காத்திருக்க வேண்டாம், எந்தக் கிழமை வேண்டுமானாலும் புறப்பட்டு வா. இரவு பஸ் பிடித்தால் விடியற்காலை வந்துவிடலாம். சாவி பக்கத்து வீட்டில் இல்லை, நான் வீட்டில்தான் இருப்பேன்.

அம்மா