உன் எல்லை எண், என் பகா எண்

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ திட்டித் தீர்த்த எண்ணை நோட்டில் எழுதிவைத்தேன்: 2147483647. அதோடு ஒன்றைக் கூட்டினால் விடை மைனஸில் போய் விழுகிறது, இரண்டு நாள் தூக்கமே இல்லை என்றாய். உனக்கு அது, கணினி 32 பிட்டில் (0, 1 என்ற 32 இலக்கங்களில்) எழுதக்கூடிய எண்ணின் எல்லை. பிளஸா மைனஸா என்ற குறிக்கு ஒரு பிட் போக மிஞ்சியது 31. எனக்கோ அது கணித மேதை ஆய்லர் பகா எண் என்று நிறுவிய எண். 31 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் கிடைக்கும் பகா எண்.

31 பகா எண் என்பதால் இதுவும் பகா எண் ஆகிவிடாது. வகுப்பில் 11 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழிக்கச் சொல்வேன். 2047 வரும். பாதிப் பேர் பகா எண் என்று கை தூக்குவார்கள். அது 23 × 89. ஆனால் அந்த இரண்டையும் பார்: 22-ஆல் வகுத்தால் இரண்டுக்கும் மீதி 1. அது தற்செயல் அல்ல. அடுக்கு 11 என்றால் வகுத்திகள் 22-க்குக் கட்டுப்பட்டவை. அடுக்கு 31 என்றால் 62-க்கு. அதோடு, 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும். இரண்டையும் சேர்த்தால், 248-ஆல் வகுக்க 1 அல்லது 63 மீதி தரும் எண்களே மிஞ்சும். வர்க்கமூலமான 46,340 வரை அப்படிப்பட்டவை 373 மட்டுமே. அவற்றிலும் பகா எண்களைச் சோதித்தால் போதும்.

1772-இல் ஆய்லர், இது பகா எண்தான் என்ற முடிவைப் பெர்லினில் இருந்த கணித அறிஞர் பெர்னூலிக்குக் கடிதமாகத்தான் எழுதினார். அப்போது ஆய்லருக்குப் பார்வை ஏறக்குறைய இல்லை. இங்கிலாந்தின் கணித அறிஞர் பார்லோ 1811-இல், இதிலிருந்து பிறக்கும் நிறைவெண்ணைவிட (தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் தானே வரும் எண்)ப் பெரிதாக இனி ஒன்றும் கிடைக்காது, பயனில்லாத இதற்காக யார் மெனக்கெடுவார் என்று எழுதினார். பாவம். 1876-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்கா 39 இலக்கத்தில் ஒரு பகா எண்ணை நிறுவிவிட்டார். பயனைப் பற்றி நீதான் பார்லோவுக்குப் பதில் எழுத வேண்டும்: 1970-இலிருந்து நொடிகளை எண்ணும் பழைய கணினிக் கடிகாரங்கள் இந்த எண்ணில்தான் முட்டிக்கொள்ளப் போகின்றன, 2038 ஜனவரி 19, நம் நேரம் காலை 8:44:07-க்கு.

நானும் கையால் வகுக்கத் தொடங்கியிருக்கிறேன். முதலில் 311, மீதி 35. அடுத்து 1303. அதில் மீதி பூஜ்ஜியம் வந்தது! ஆய்லரையே வீழ்த்திவிட்டேன் என்று கை நடுங்க அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் கீரை ஆய்ந்த கையோடு வந்து நோட்டைப் பார்த்துவிட்டு, "மூன்றாவது வரியில் கடன் வாங்கியதைக் கழிக்கவில்லையே" என்றாள். சரியான மீதி 226.

இன்று 1489. கட்டம் போட்ட நோட்டு தீரப் போகிறது. வரும்போது இரண்டு வாங்கி வா.

அப்பா