"நான் விஷுவல் டைப், மிஸ்"

வில்லிவாக்கம், சென்னை – 49

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வுக்கான அட்டவணை பிள்ளைகளின் டைரியில் ஒட்டியிருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். நான் எழுத வந்தது வேறு விஷயம்.

போன வாரம் ஏழாம் வகுப்பில் மனப்பாடச் செய்யுளைச் சொல்லச் சொன்னேன். ஒரு பெண் எழுந்தாள். இரண்டு வரியோடு நின்றுவிட்டது. "எனக்கு மனப்பாடம் வராது. நான் விஷுவல் டைப், மிஸ்" என்றாள். அழவில்லை, பயப்படவுமில்லை. ரத்த வகையைச் சொல்வதுபோலச் சொன்னாள். கேட்டுப் பார்த்தால், கோடை விடுமுறையில் செல்போனில் ஏதோ ஒரு டெஸ்ட் எழுதியிருக்கிறாள்; பார்த்தால்தான் படிப்பு ஏறும் வகை, அதாவது விஷுவல் டைப், என்று அதில் வந்திருக்கிறது. பன்னிரண்டு வயதில் தன்னால் ஒன்று முடியாது என்று ஒரு குழந்தை அவ்வளவு நிதானமாகச் சொன்னது என்னை உலுக்கிவிட்டது.

மதியச் சாப்பாடு முடிந்ததும் அவளை என் அறைக்கு அழைத்தேன். முதல் நான்கு வரியை இரண்டு தடவை சத்தமாகப் படிக்கச் சொன்னேன். அப்புறம் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் நின்றதை ரஃப் நோட்டில் எழுதச் சொன்னேன். பாதிதான் வந்தது. விட்டுப்போன சொற்களை மட்டும் பார்த்துவிட்டு, மறுபடி மூடி, மறுபடி எழுதினாள். மூன்றாவது தடவை ஒரே ஒரு சொல் தப்பு. மறுநாள் பிரேயர் முடிந்து வராந்தாவில் நிறுத்திக் கேட்டேன். நான்கு வரியும் தடையில்லாமல் வந்தது.

பார்த்துப் படிப்பவர், கேட்டுப் படிப்பவர், எழுதிப் படிப்பவர், செய்து படிப்பவர் என்று பிரிக்கும் 'வார்க்' முறையை 1992-இல் வெளியிட்டவர் நியூசிலாந்தைச் சேர்ந்த நீல் ஃபிளெமிங். பிள்ளைகள் தாங்கள் படிக்கும் விதத்தைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க அது உதவும். ஆனால் அந்த வகைக்குத் தக்கபடி சொல்லிக்கொடுத்தால் கூடுதலாகப் படிப்பு ஏறுமா? 2008-இல் அமெரிக்க உளவியலாளர்கள் நால்வர் அதுவரை வந்த ஆய்வுகளை அலசி, அப்படிச் சொல்வதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். ஒரு பிள்ளைக்கு உருளைக்கிழங்கு வறுவல்தான் பிடிக்கும் என்பது உண்மையாக இருக்கலாம். அதற்காகக் கீரை அந்த உடம்பில் ஒட்டாது என்று நாம் சொல்வதில்லை அல்லவா?

எப்படிப் படிக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் பாடம்தான் சொல்கிறது. கூவமும் அடையாறும் எந்த வழியாக ஓடிக் கடலில் சேர்கின்றன என்பதை மேப்பைப் பார்க்காமல் யாராலும் சரியாகப் புரிந்துகொள்ள முடியாது. ல, ள, ழ வித்தியாசம் காதில் விழுந்து விழுந்துதான் நாக்குக்கு வரும். இதில் விஷுவல் பிள்ளை, ஆடிட்டரி பிள்ளை என்ற பேதம் கிடையாது.

ஒன்பதாம் வகுப்பில் இப்போது பரவியிருப்பது இன்னொன்று: ஒருவரின் குணத்தைப் பதினாறு ஆளுமை வகைகளில் ஒன்றாகச் சொல்லும் டெஸ்ட். சுவிட்சர்லாந்தின் கார்ல் யுங் 1921-இல் எழுதிய கருத்தை எடுத்துக்கொண்டு, அமெரிக்காவில் ஒரு தாயும் மகளும் உருவாக்கியது அது. இருவருமே உளவியலை முறையாகப் படித்தவர்கள் அல்ல. சில வாரம் கழித்து அதே டெஸ்ட்டை எழுதினால் பலருக்கு வேறு வகை வருகிறது. "அப்படியே என்னைப் பற்றிச் சொல்கிறதே" என்று தோன்றுவதற்கும் காரணம் உண்டு. 1948-இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் எல்லோருக்கும் ஒரே குறிப்பைக் கொடுத்து, உங்கள் டெஸ்ட்டின் முடிவு என்றார். பெரும்பாலும் ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்த வரிகள். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னதில் சராசரி 4.26 வந்தது.

கூச்ச சுபாவம் இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. நம் பள்ளியில் ஒரு பையன் வகுப்பில் வாயே திறக்கமாட்டான். "அவன் இன்ட்ரோவர்ட், மேடை ஏற்ற வேண்டாம்" என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலைக்குப் பக்கத்து ரயில் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போன அன்று, ஒரு பழைய என்ஜினுக்கு முன்னால் நின்று, சக்கரங்களைச் சேர்க்கும் அந்த நீண்ட இரும்புத் தண்டு எப்படி வேலை செய்கிறது என்று எட்டுப் பேருக்குக் கையை ஆட்டி ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தான். கால் மணி நேரம். நான் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் பேசாத பிள்ளை இல்லை. பேச விஷயம் வேண்டும், சின்னக் கூட்டம் வேண்டும். அவ்வளவுதான்.

ஒரு வேண்டுகோள். விரல் ரேகையை ஸ்கேன் செய்து பிள்ளையின் அறிவையும் எதிர்காலப் படிப்பையும் சொல்வதாக வருபவர்களிடம் தயவுசெய்து பணம் கட்டாதீர்கள். கைரேகை கருவிலேயே உருவாகிவிடுகிறது. கணக்கு வருமா, வராதா என்பது அதில் எழுதியிருக்கவில்லை. ஒரு அம்மா கலர் கலராக அச்சிட்ட ஃபைலைக் கொண்டுவந்து, "சயின்ஸ் குரூப் வேண்டாம்னு போட்டிருக்கு" என்று கவலையோடு காட்டினார். அந்தப் பெண் அறிவியலில் வகுப்பின் முதல் ஐந்து பேரில் ஒருத்தி.

வீட்டில் தினமும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். புத்தகத்தை மூடிவிட்டு, இன்று படித்ததைச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு நாள் கழித்து அதையே கேளுங்கள், அடுத்த வாரம் இன்னொரு தடவை. தப்பு வந்தால் திட்ட வேண்டாம். தப்பு வந்த இடம்தான் அடுத்துப் படிக்க வேண்டிய இடம்.

இவ்வளவுக்குப் பிறகும் எழுத்துகள் மாறி மாறித் தெரிகின்றன, போர்டைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குகிறான், சொன்னது காதில் விழவில்லை என்றால் அது டைப் விஷயம் இல்லை. கண், காது பரிசோதனையும், தேவைப்பட்டால் கற்றல் குறைபாட்டுக்கான மதிப்பீடும் வேண்டும். தள்ளிப்போடாமல் என்னிடம் வாருங்கள். பள்ளி நாட்களில் மாலை நான்கு முதல் ஐந்து மணி வரை என் அறையில்தான் இருப்பேன். வரும்போது பிள்ளையின் ரஃப் நோட்டையும் எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்